கமரா பார்க்காத கடற்கரை

இத்தாலிய இயக்குநர் ஸ்டெஃபானோ சவோனாவின் 'சமூனி வீதி' 2018இல் வந்த விவரணப்படம். காஸாவின் ஸெய்தூன் பகுதியில் 2009 ஜனவரியில், இஸ்ரேலியத் தாக்குதலில் 29 பேரை இழந்த சமூனி குடும்பத்தைப் பற்றியது. உயிர்தப்பியவர்களைக் கமரா காட்டுகிறது. கமரா இல்லாதபோது நடந்தவற்றைச் சிமோனே மஸ்ஸியின் கறுப்பு வெள்ளைச் சித்திரங்கள் அசைந்து சொல்கின்றன. அதைப் பார்த்த நாள்முதல் எனக்குத் திருகோணமலைதான் நினைவு. எங்களிடமும் படம்பிடிக்கப்படாத கொலைகள் இருக்கின்றன.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலையடியில் கடற்காற்று வாங்க இருந்த மாணவர்களை நோக்கி முச்சக்கர வண்டியொன்றிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. பின்னர் சீருடைக்காரர் வந்தனர். ஐந்து தமிழ் மாணவர்கள் இறந்தனர், இருவர் காயங்களுடன் தப்பினர். கொண்டுவந்த குண்டு வெடித்தே செத்தார்கள் என்பதுதான் முதலில் சொல்லப்பட்ட கதை. பிரேதங்களில் இருந்த சூட்டுக் காயங்களைப் படமெடுத்து அந்தக் கதையை உடைத்தவர் 'சுடர் ஒளி' செய்தியாளர் சுகிர்தராஜன். ஜனவரி 24இல் அவரும் திருகோணமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சுகிர்தராஜனின் படங்கள் பிரேதங்களைக் காட்டின. கொலை நடந்த கணத்தைக் காட்டும் படம் கிடையாது. இறந்த ரஜிகரின் தந்தை மருத்துவர் மனோகரன், மகனைத் தேடி ஓடிவந்து சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டவர். உதவி கேட்ட குரல்களையும் பிறகு வெடிச்சத்தத்தையும் அவர் அங்கே நின்று கேட்டார். காதால் கண்ட சாட்சி! இப்படிப்பட்ட சாட்சியத்துக்குச் சித்திரத்தைவிடப் பொருத்தமான ஊடகம் எனக்குத் தெரியவில்லை. அச்சுறுத்தலால் அந்தக் குடும்பம் நாட்டைவிட்டே போயிற்று. வெளிநாட்டிலிருந்தபடியே அவர் உடலகம ஆணைக்குழுவுக்குச் சாட்சி சொன்னார். 2015இல் வெளிவந்த அதன் அறிக்கை, சீருடையினரின் தொடர்பைச் சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு என்றது. ஆனாலும், 2013இல் கைதான விசேட அதிரடிப்படையினர் உட்பட 13 பேரையும் 2019 ஜூலை 3இல் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் சான்று போதாதென்று விடுவித்தது.

இதைப் படமாக்க யாரேனும் முன்வந்தால் கடற்கரையோடு நிறுத்திவிடக்கூடாது, கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூருக்கும் வரவேண்டும். 2006 ஆகஸ்ட்டில் புலிகள் நகருக்குள் புகுந்து சண்டை மூண்டபோது மூதூர் முஸ்லிம்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். அந்த அகதி வாழ்வை நம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள், இன்னும் எழுதவேண்டும். ஆனால் அதே ஆகஸ்ட் 4இல், பட்டினிக்கெதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம்.

அந்த ஒருவரை நினைவுகூர்வது நமக்கு எளிது. மறுபக்கந்தான் கடினம். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு 2008 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை, சுட்டவர்களாக இரண்டு பொலிஸ்காரர்களோடு முஸ்லிம் ஊர்க்காவற்படைவீரர் ஒருவரையும் பெயர்சொல்லிக் குறிப்பிட்டது. அவருடைய சகோதரரைப் புலிகள் கொன்றிருந்தார்கள் என்றும் அதே அறிக்கை சொல்கிறது. உடலகம ஆணைக்குழுவோ இராணுவத்தை விலக்கிவிட்டு, புலிகளையும் முஸ்லிம் ஊர்க்காவற்படையினரையும் நோக்கி விரலை நீட்டியது. அரச ஆயுதத்தைக் கையில் கொடுத்தவர்களைத் தப்பவிட்டு, முழுப் பழியையும் ஊர்க்காவற்படையின் தலையில் கட்டுவது வசதியான தீர்ப்பு. அதற்காக, அப்படியொருவர் அந்த வளவுக்குள் இருக்கவே இல்லை என்று நாம் சாதிப்பதும் வசதிதான். எவருக்கும் இன்றுவரை தண்டனை இல்லை.

ஓவியர் அந்த வளவை வரையும்போது பதினேழு பேருக்கும் முகம் வேண்டும். துப்பாக்கி பிடித்தவர்களுக்கும் முகம் வேண்டும். சகோதரனின் ஜனாஸாவைச் சுமந்த வீட்டையும் அவர் வரையட்டும், அந்த வீட்டிலிருந்து வளவுக்குப் போகும் தெருவையும் வரையட்டும்.