கூடைப்பந்தில் நான்கு கார்டுகள்



கம்பரா, இளங்கோவா என்று பட்டிமன்றம் கூட்டுவது நமக்குப் பழகிய வழக்கம். விளையாட்டுத் திடலிலும் அவ்வழக்கு உண்டு. கூடைப்பந்து ஆடும் மாணவர் நால்வர் ஆட்டம் முடிந்து மரத்தடியில் அமர்ந்தால், மாஜிக் ஜான்சன் பெரியவரா, ஸ்டீபன் கரி பெரியவரா என்ற வாதம் தொடங்கிவிடும். சற்றே படித்த ஒருவன் ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரை எடுப்பான். பிறகு எண்கள் பறக்கும். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் இவ்வாதங்களை எட்ட நின்று பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த எண்களை எவ்வாறு படிப்பது என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன்.

கூடைப்பந்து 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், பனிக்காலத்தில் மாணவர்க்குக் கூடத்துக்குள்ளேயே ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று, பீச்சுப் பழக் கூடைகள் இரண்டை மேலே கட்டி, 13 விதிகளை எழுதினார். ஓர் ஆசிரியர் வகுத்த ஆட்டம் என்பதில் எனக்குச் சிறிது பெருமை உண்டு. அந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் அவர்களே 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். அது நிற்க.

அணிக்கு ஐவர் ஆடும் இவ்வாட்டத்தில், பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறி, யாரிடம், எப்போது கொடுப்பது என்று தீர்மானிப்பவரைக் ‘கார்டு’ என்பர். அவர் கொடுத்த பந்தை வாங்கியவர் உடனே கூடையில் இட்டால், கொடுத்தவர் கணக்கில் ஓர் ‘அசிஸ்ட்’ எழுதப்படும்.

முதலில் பாப் கூசியைப் பார்ப்போம். 1928இல் நியூயார்க்கில், பிரெஞ்சுப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது வலக்கை முறிந்தது. அதனால் இடக்கையாலும் பந்தை ஆளப் பழகினார். 1950இல் ஓர் அணி கலைந்து, அதன் ஆட்டக்காரர் மூவரின் பெயர்களைத் தொப்பியில் இட்டுக் குலுக்கியபோது, பாஸ்டன் அணிக்குக் கிடைத்த சீட்டில் கூசியின் பெயர் இருந்தது. அணியின் உரிமையாளருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. வேறொருவர் பெயர் வராதா என்று எதிர்பார்த்திருந்தார்!

அக்காலத்து ஆட்டம் எப்படி இருந்தது? முந்திய அணி பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பொழுதைப் போக்கலாம். தடுக்க விதி இல்லை. 1950 நவம்பரில் ஓர் ஆட்டம் 19க்கு 18 என்ற கணக்கில் முடிந்தது. காசு கொடுத்து வந்தவர்கள் என்ன பார்த்திருப்பார்கள்? 1954இல்தான், சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோனின் முயற்சியால், 24 நொடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி வந்தது. அவர் போட்ட கணக்கை நம் பள்ளிப் பிள்ளைகளும் போடலாம்: 48 நிமிடம் என்பது 2,880 நொடி; நல்ல ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து ஏறத்தாழ 120 முறை எறிகின்றன; வகுத்தால் 24. விதி வந்ததும் ஆட்டம் ஓட்டமாயிற்று. ஓடும் ஆட்டத்துக்கு ஏற்கெனவே தயாராக இருந்தவர் கூசி. எட்டுப் பருவங்கள் தொடர்ந்து அசிஸ்டில் முதல்வராக நின்றார். பாஸ்டன் அணி ஆறு முறை பட்டம் வென்றபோது அதில் ஆடினார்.

இன்றைய இளைஞன் கூசியின் கணக்கைப் பார்த்துச் சிரிப்பான். அவர் எறிந்த நூறில் 37 அல்லது 38தான் கூடையில் விழுந்தன. ஆனால் அவர் நுழைந்த பருவத்தில் எல்லா அணிகளின் சராசரியே நூற்றுக்கு 36 அளவில்தான். ஓர் ஆண்டின் வினாத்தாள் கடினமாகவும் மற்றோர் ஆண்டினது எளிதாகவும் அமைந்திருக்க, இரண்டு மாணவரின் மதிப்பெண்களை மட்டும் அருகருகே வைத்து யார் கெட்டிக்காரன் என்று கேட்கும் பெற்றோரை நான் கண்டதுண்டு. வினாத்தாளையும் கொண்டுவாருங்கள் என்பேன்.

ராபர்ட்சனின் எண்களையும் அவ்வாறே படிக்க வேண்டும். 1961–62 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 30.8 புள்ளி, கூடையில் விழாது மீளும் பந்தைப் பற்றியது 12.5, அசிஸ்ட் 11.4. மூன்றிலும் பத்துக்குமேல் சராசரி கொண்டு ஒரு பருவத்தை முடித்தவர் அவருக்குப்பின் 55 ஆண்டு வரை எவரும் இல்லை. 2016–17இல் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் 31.6, 10.7, 10.4 எனச் செய்து காட்டினார். அப்படியானால் இருவரும் சமமா?

ராபர்ட்சன் காலத்தில் ஓர் அணி ஆட்டத்துக்கு 100க்கு மேற்பட்ட முறை எறிந்தது. வெஸ்ட்புரூக் காலத்தில் 85 அளவில்தான். எறிவது மிகுதி, தவறுவதும் மிகுதி. ஆகவே மீண்டுவரும் பந்தும் மிகுதி. அன்றி ராபர்ட்சன் ஆட்டத்துக்கு 44 நிமிடம் களத்தில் நின்றார். வெஸ்ட்புரூக் 35 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இவையெல்லாம் இளையவருக்குச் சாதகமான வாதங்கள், மறைக்கக் கூடாது. மறுபக்கமும் உண்டு: மூத்தவர் காலத்தில் அசிஸ்ட் எழுதுவோர் கையிறுக்கம் உடையவர், தொலைவிலிருந்து எறிந்தால் மூன்று புள்ளி என்ற விதி 1979 வரை என்.பி.ஏ. ஆட்டங்களில் இல்லை. எதிரியிடமிருந்து பந்தைப் பறித்ததற்கான கணக்கோ 1973 வரை அங்கு எழுதப்படவே இல்லை. கூசி எத்தனை பறித்தார் என்று எந்த ஏட்டிலும் தேட முடியாது.

மூன்று புள்ளி விதி வந்த அதே பருவத்தில் வந்தவர் மாஜிக் ஜான்சன். 6 அடி 9 அங்குல உயரமுள்ளவரைக் கூடையருகே நிறுத்துவதே அதுவரை மரபு. அவரோ கார்டாக ஆடினார். 1980 இறுதிப் போட்டியில் கரீம் அப்துல் ஜப்பார் காயமுற்றிருக்க, 20 வயதில் அவரிடத்தில் நின்று 42 புள்ளி எடுத்தார். ஆயினும் மூன்று புள்ளிக் கோட்டை அக்காலத்து அணிகள் பெரிதும் பொருட்படுத்தவில்லை. அக்கோட்டின் உண்மையான பயனை உலகுக்குக் காட்டியவர் 6 அடி 2 அங்குல ஸ்டீபன் கரி. 2015–16இல் மட்டும் 402 முறை அங்கிருந்து வென்றார். விதி பிறந்து 36 ஆண்டு கழித்து அதற்கு உரை எழுதியவர் அவர் என்பேன்.

இவர்களுள் யாரைச் சொல்வீர் என்று கேட்டால், நான் ராபர்ட்சனையே சொல்வேன். காரணம் அவருடைய எண்களில் மட்டும் இல்லை.

அவர் இண்டியானாபோலிஸ் நகரின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்தவர். பந்து வாங்க வழியின்றி, கந்தையைச் சுருட்டிக் கட்டிப் பழக்கூடையில் எறிந்து பழகினார். அவர் படித்த கிரிஸ்பஸ் அட்டக்ஸ் பள்ளி, கறுப்பின மாணவர்க்கென்று ஒதுக்கப்பட்டது. 1955இல் அப்பள்ளி இண்டியானா மாநிலப் பட்டத்தை வென்றது. வாகை சூடிய அணி நகர நடுவிலுள்ள நினைவுத்தூண் வட்டத்தில் கொண்டாடுவது ஊர் வழக்கம். இவர்களையோ தூணை ஒருமுறை சுற்றவைத்து, கறுப்பர் வாழும் பகுதியிலுள்ள பூங்காவுக்கு அனுப்பிவிட்டனர். வென்ற பிள்ளைகளுக்கு அன்றிரவு எப்படி இருந்திருக்கும் என்பதை ஆசிரியனாக இருந்தவன் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியாது.

1954இல் ஆட்டக்காரர் சங்கம் ஒன்றைத் தொடங்கியவர் கூசி. பின்னர் அதன் தலைமை ராபர்ட்சனிடம் வந்தது. அக்காலத்தில் ஆட்டக்காரன் தன் அணியை விட்டுத் தன் விருப்பப்படி வேறோர் அணிக்குப் போக முடியாது. ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பழைய அணியே அவனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதை எதிர்த்து 1970இல் ராபர்ட்சன் பெயரில் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் தமக்குச் சம்பளம் தருவோர்மேலேயே வழக்காடுவது எளிய காரியமா? ஆறு ஆண்டு நடந்த பின், 1976இல் உடன்பாடு ஏற்பட்டு, அணி மாறும் உரிமைக்கு வழி பிறந்தது. பின்வந்தவர் அனைவரும் அவ்வழியில் நடப்பவரே. ராபர்ட்சனோ 1974லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவ்வுரிமையோடு ஒரு நாள்கூட அவர் ஆடவில்லை.