நம்மவரும் பிறத்தியாரும்: அரியாலையிலிருந்து ஒரு நிர்ப்பீடன வரலாறு

புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வருகிறவன் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, செம்மணி வெளியைத் தாண்டி அரியாலைக்குள் நுழைகிறபோதுதான் 'ஊருக்கு வந்திட்டம்' என்று மூச்சு விடுவான். 1990 ஒக்டோபர் 30ஆந் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டு, பல வருடங்களின் பின் சோனகத் தெருவுக்கு மீண்ட குடும்பம் எங்களுடையது. ஆகவே அரியாலை எனக்கு எங்கள் வீட்டுப் படலை மாதிரி. 2020 மார்ச்சில் அந்தப் படலையால் கொரோனா வந்தது.

அம்மாதம் 15ஆந் திகதி அரியாலையிலுள்ள கிறிஸ்தவ சபையொன்றில், சுவிற்சர்லாந்திலிருந்து வந்திருந்த போதகர் ஆராதனை நடத்தினார். 22ஆந் திகதி யாழ்ப்பாணத்தின் முதல் தொற்றாளர் அடையாளங் காணப்பட்டார். அவர் அந்தப் போதகரைச் சந்தித்தவர். ஆராதனைக்குப் போனோர் தனிமைப்படுத்தப்பட்டனர். ஊரடங்கு நேரம் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்த அடுத்த வீட்டு நானா, "உந்தச் சபைக்காரர் கொண்டு வந்ததுதானே சேர்?" என்றார். "ஓம், வேற யார்?" என்றேன் நான்.

மூன்று வாரத்துக்குள் விரல் எங்கள் பக்கம் திரும்பியது. மார்ச் 30ஆந் திகதி நீர்கொழும்பைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர் மௌத்தானார். அவரது ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆந் திகதி வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அது எடுபடவில்லை.

நான் உயிரியல் படிப்பித்தவன். நம்மவர், பிறத்தியார் என்று உடம்பு எப்படிப் பிரித்தறிகிறது என்பதைப் பல வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன். அந்த ஊரடங்கில்தான் அதன் வரலாற்றை எனக்காக ஒருமுறை படித்தேன்.

அது எங்களுக்குப் பழக்கமான ஒரு பெயரிலிருந்து தொடங்குகிறது. ரய் நகரத்து அபூபக்ர் அர்-ராஸி (சுமார் 865–925) பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறுபடுத்தி எழுதினார். பெரியம்மை ஒருமுறை கண்டவருக்கு மறுபடி ஏன் வருவதில்லை என்பதற்கும் காரணம் தேடினார். இளவயது இரத்தத்தின் மிகை ஈரம் நோயின்போது கொதித்து வெளியேறிவிடுகிறது என்பது அவர் விளக்கம். விளக்கம் நிலைக்கவில்லை. கேள்வி ஆயிரம் வருடம் நின்றது.

மனிதனிடம் உள்ள மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவன் உடல் ஆக்கக்கூடிய பிறபொருளெதிரி வகைகளோ கோடிக்கணக்கு. இது எப்படி? 1976இல் சுசுமு டொனேகாவா விடை கண்டார். நாலைந்து நிற ஓலைகளை வைத்துக்கொண்டு பாய் பின்னுகிறவள் எத்தனையோ கோலம் போடுகிறாள் அல்லவா? அதுபோல நிர்ப்பீடனக் கலங்கள் சில மரபணுத் துண்டுகளை வெட்டி, மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. வெட்டுகிற கத்தி 'ராக்' எனப்படும் இரண்டு மரபணுக்களின் வேலை.

அந்தக் கத்தி எங்கிருந்து வந்தது? 1998இல் வெளியான ஆய்வுகள் காட்டியது வியப்பான செய்தி. ராக் மரபணுக்கள் ஒருகாலத்தில் இடம்விட்டு இடம் பாயும், ஒட்டுண்ணி போன்ற மரபணுத் துண்டு ஒன்றின் பகுதிகள். 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் எங்கள் மூதாதை விலங்கொன்றின் பரம்பரைக்குள் அது புகுந்துகொண்டது. பிறத்தியாரை இனங்காணும் கருவியே பிறத்தியாராக வந்து குடியேறியதுதான்.

பிள்ளை பெற்றவளுக்கு நாங்கள் பால்சுறாக் கறி கொடுக்கிறோம். அந்தச் சுறாவிடமும் இதே கத்தி உண்டு. தாடையில்லாத லாம்ப்ரே மீனிடம் அது இல்லை. முற்றிலும் வேறு புரதங்களைக் கோத்து அதே வேலையைச் செய்கிறது என்பது 2004இல் தெரிந்தது. ஒட்டகத்தின் பிறபொருளெதிரிகளில் ஒரு பங்கு, மற்ற விலங்குகளில் இருக்கும் இலேசான சங்கிலி இல்லாமலே இயங்குவதை 1993இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் கண்டார்கள். நாம் இன்றியமையாதது என்று நினைத்த மரபணுத் தொகுதியொன்று அத்திலாந்திக் கொட் மீனுக்கு அறவே இல்லை என்று 2011இல் தெரியவந்தது. அந்த மீன் அது இல்லாமலே வாழ்கிறது.

இன்னொரு தொகுதி எச்.எல்.ஏ. 1958இல் ஷான் டோசே என்ற பிரெஞ்சு மருத்துவர் இதன் முதல் வகையை விவரித்தார். 6ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள இந்த மரபணுக்கள், கலத்துக்குள் இருக்கும் புரதத் துண்டுகளை வெளியே ஏந்திக் காட்டும் தட்டுகளை ஆக்குகின்றன. தட்டில் அந்நியத் துண்டு தெரிந்தால் காவற்கலங்கள் பாயும். மனிதரிடம் 30,000க்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியுள்ளன. எந்த வகையும் எல்லாக் கிருமியையும் காட்டாது. உடன்பிறந்த இருவருக்கே இது முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான். இரத்த உறவு பொருந்தாத இடத்தில், முன்பின் அறியாத ஒருவர் பொருந்தி எலும்பு மச்சை கொடுத்து உயிர் காப்பதும் உண்டு.

எல்லோரும் ஒரே மாதிரி இருந்தால் என்ன நடக்கும்? சிவிங்கிப்புலிகள் அதைக் காட்டின. உறவில்லாத புலிகளுக்கிடையே தோலை மாற்றி ஒட்டினாலும் உடல் ஏற்றுக்கொண்டது, அவ்வளவு ஒற்றுமை. 1982-83இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலப் பூங்கா ஒன்றில் பூனைக் கொரோனா வைரசு பரவி, அங்கிருந்த சிவிங்கிப்புலிகளில் பாதிக்கு மேல் செத்தன. அதே பூங்காவின் சிங்கங்களுக்கு நோய் இல்லை. காட்டுச் சிவிங்கிகளில் முன்பு நினைத்ததைவிடக் கூடிய வேறுபாடு உண்டென்று பின்னர் திருத்தினார்கள். ஆனாலும் பாடம் மாறவில்லை: ஒரு கூட்டத்தின் காவல், அதனுள் இருக்கும் வேற்றுமை.

கோவிட்டுக்கும் மரபணுச் சார்பு உண்டு. 2020இல் ஹூகோ செபெர்க், ஸ்வாந்தே பேபோ இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, நோயைக் கடுமையாக்கும் 3ஆம் நிறமூர்த்தத் துண்டு நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது. தென்னாசியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் அது இருக்கிறது. நோயைத் தணிக்கும் வேறொரு துண்டும் அதே நியாண்டர்தாலின் சீதனந்தான் என்று அடுத்த வருடம் எழுதினார்கள். பள்ளிக்குப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர், சபைக்குப் போகிறவர் என்ற கணக்கு அந்தத் துண்டுகளுக்குத் தெரியாது.

அந்தக் கணக்கு எங்களுக்குத்தான் தெரிந்திருந்தது. 2020 டிசம்பரில் 20 நாள் பச்சைக் குழந்தையொன்றின் மையித்தும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25ஆந் திகதிதான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 5ஆந் திகதி ஓட்டமாவடியில் முதல் கப்றுகள் தோண்டப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த மதிலடிப் பேச்சுத்தான் ஞாபகம் வந்தது. ஒருமுறை ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன், பாடமாகவே இதைப் படிப்பித்தவன், எவ்வளவு லேசாக "ஓம், வேற யார்?" என்று சொன்னேன்! எங்களிடம் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. அரியாலைச் சபைக்குப் போனவர்களிடம் நான் இன்னும் கேட்கவில்லை. இந்தக் கட்டுரையை அதற்காகத்தான் எழுதினேன்.