பால்மாடும் பால்மரமும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஏக்கர்க் கணக்கையும் கூலிக் கணக்கையுமே எழுதினர். லயத்தின் பின்புறத்தே நின்ற மாட்டுக் கொட்டகை அவர்தம் கண்ணிற் படவில்லை. ஆயினும், தோட்டத் தமிழன் கூலிக்காரன் என்னும் நிலையைச் சற்றே கடந்து வணிகனாகத் தலைப்பட்ட இடம் அக்கொட்டகையே எனலாம்.

இதற்கு வழி திறந்தது ரப்பர்த் தொழிலின் நேர ஒழுங்கு. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆதலின் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று மரம் வெட்டத் தொடங்கியோர், நண்பகலை ஒட்டிப் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினர். எஞ்சிய பிற்பகல் அவர்களுடையது. பால்மர நிழலிற் புல்லும் இருந்தது. பிரிட்டிஷார் காலத்துத் தொழிலாளர் சட்டமோ, குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கவேண்டும் என்றது. நம் முன்னோர் கணக்கிற் சொன்னால் அது ஒரு வீசம்.

அந்த வீசம் நிலத்திற் கத்தரியும் வெண்டையும் விளைந்தன. தோட்டத்துப் புல்லில் மாடுகள் பெருகின. கறந்த பால் லயத்து வீடுகளுக்கும், மிதிவண்டியில் ஏறிப் பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான் முதலிய சிற்றூர்களின் தேநீர்க் கடைகளுக்கும் சென்றது. (பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது.) கன்று ஈன்றால் முதல் பெருகிற்று, மகளின் திருமணத்திற்கு மாடு விற்றால் முதல் கரைந்தது. கூட்டுக் கட்டிச் சேர்த்த பணம் மற்றொரு மாடாயிற்று. கடையிற் மாதம் முழுதும் கடன் எழுதிச் சம்பள நாளிற் கழித்துக்கொண்ட காலத்தில், நாள்தோறும் கையில் ரொக்கம் புழங்கிய வீடு மாடு வைத்திருந்த வீடே.

மாடு தொழிலாளியுடையது, அது நின்ற மண் கம்பெனியுடையது. இக்குறை நெடுநாள் வெளித்தோன்றவில்லை.

1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோக்கோனியே, இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரை நட்டார். நாட்டின் செம்பனைத் தொழிலுக்குத் தொட்டிலான தோட்டம் தமிழ்ப் பெயர் தாங்கியது என்பது மாணவர்க்குச் சொல்லத்தக்க செய்தி. ஆயினும் ரப்பரே அரசு வீற்றிருந்தது. செயற்கை ரப்பரின் போட்டியால் விலை சரிந்த 1960களிலும் அதற்குப் பின்னருமே பால்மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை விரைந்து பரவியது. செம்பனைக்கு ஏக்கருக்கு வேண்டிய ஆள் குறைவு. குலை அறுப்போ நண்பகலோடு முடிவதன்று. இளங்கன்றின் குருத்தை மாடு மேயும் என நிருவாகங்கள் அஞ்சின. களைக்கொல்லி தெளித்த புல் மாட்டுக்கு ஆகாது. பிற்பகலும் போயிற்று, புல்லும் போயிற்று.

இதற்கு முன்னரே நாட்டில் மற்றோர் இடர் மூண்டிருந்தது. 1957இல் விடுதலை பெற்றதை ஒட்டி ஆங்கிலேய உரிமையாளர் சிலர் தோட்டங்களை விற்று வெளியேற, வாங்கியோர் அவற்றைக் கூறுபோட்டு விற்றனர். துண்டாடல் என்று அன்று வழங்கிய அச்செயலால் நிலைத்த வேலை ஒப்பந்த வேலையாயிற்று. ஆளும் லாரியும் திரட்ட வல்ல சிலர் குத்தகைக்காரராக உயர்ந்தனர். அவர்களைத் தொழில்முனைவர் எனப் பாராட்டுவோர், அவ்வுயர்வு எவருடைய கூலியிற் பிடித்தது என்பதையும் கேட்டல் வேண்டும்.

துண்டாடலுக்கு விடையாக 1960இல் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டந்தோறும் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டிய பணத்தைக் கொண்டு கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கூலிக்காரன் பங்குதாரன் ஆனான். இதனிற் பெரிய செயல் அக்காலத்தில் வேறில்லை. எனினும் பங்குப் பத்திரம் வேறு, கொட்டகைக்கு இடம் வேறு. கெடாவில் வாங்கிய மண் கோலசிலாங்கூர்ப் பசுவுக்குப் புல் தரவில்லை.

1968ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை பெர்மிட்டைக் கட்டாயமாக்கியபோது, பலர் இருந்ததை விற்றுத் தமிழகத்திற்குக் கப்பலேறினர். தோட்டம் விட்டோருள் வேறு சிலர் பட்டணத்து ஓரங்களிற் பலகை வீடும் கொட்டகையும் எழுப்பிப் பால் வணிகத்தைத் தொடர்ந்தனர். அங்கும் நிலம் அவர்கள் பெயரில் இல்லை. வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது மாடுகள் மீண்டும் ஓட்டிச் செல்லப்பட்டன.