வெட்டு விழாத கணம்

கண்டிக்கு வடகிழக்கே தெகல்தொருவையில் பாறையைக் குடைந்து எழுப்பிய விகாரை, கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் (1747–1782) ஆட்சியில் உருவாகத் தொடங்கியது. சுவர்களில் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகள் செந்நிறத் தளத்தில் நீண்ட பட்டிகளாக ஓடுகின்றன. விதானத்தில், புத்தரின் ஞானத்தைத் தடுக்க வந்த மாரனின் போர். வாளும் மாயமும் கலந்த சரித்திரத் தொடர்களைத் திரையில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இச்சுவர் அந்நியமாக இராது. ஒரே நாயகன் ஒரே பட்டியில் திரும்பத் திரும்ப வருகிறான். ஒரு மரம் நின்று காட்சியை முடித்துவைக்கிறது. பழங்கதை மாந்தர் கண்டிப் பிரதானிகளின் உடையில் உலவுகிறார்கள். ஆனால் ஓரிடத்தில் இரண்டும் பிரிகின்றன. தொடர்களுக்கு வெட்டு விழும் கணமே உச்சம். தெகல்தொருவைக்கு அது விழாத கணம்.

கதைத் தெரிவே இதற்கு முதற் சான்று. சுதசோமன் மனித இறைச்சி தின்னும் அரசனைச் சொல்லால் அடக்குகிறான். மகாசீலவனோ போரிட மறுத்து நாட்டை இழந்து, சுடுகாட்டில் கழுத்தளவு புதைக்கப்படுகிறான். தின்ன வந்த நரியைப் பல்லால் கவ்விப் பிடித்து மீள்கிறான். யட்சர்களின் மாயத்தால் நள்ளிரவில் எதிரியின் படுக்கையருகே வாளோடு போய் நிற்கிறான். அந்த வாளின் தட்டைப் பக்கத்தால் தட்டி அவனை எழுப்புகிறான், அவ்வளவுதான். பழிவாங்கும் கதைக்கு வேண்டிய அத்தனையும் இங்கே இருக்கிறது, பழியைத் தவிர.

இது சமயப் போதனை, ஓவியனின் கலை இதில் எங்கே என்று கேட்கலாம். பதில் அந்தச் செந்நிறத் தளத்தில் இருக்கிறது. ஆழமும் நிழலும் இல்லாத அத்தளத்தில் எந்த அடியும் மற்றவற்றை மறைத்துப் பெரிதாகிவிட முடியாது. கண் நடந்துகொண்டே இருக்கிறது. இந்த ஆழமின்மையைக் கைத்திறக் குறைவென்று சொல்வது எனக்கு ஏற்புடையதல்ல. போரை அறியாதவர்களின் கற்பனை என்பதும் பொருந்தாது: அதே மன்னன் காலத்தில், 1765இல், ஒல்லாந்தர் படை கண்டி நகருக்குள்ளேயே புகுந்தது.

கண்டி வட்டாரத்து எம்பெக்கே தேவாலயத் தூண்களில் பிடியில் பூட்டிக்கொண்ட மல்லர்கள் செதுக்கப்பட்டிருப்பது இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு. கண்டி வட்டாரம் மற்போரை ரசித்தது உண்மையே. ஆனால் தூணின் சிறு சட்டம் ஒரு கணத்தை மட்டுமே தாங்கும்; அந்தப் பிடிக்கு முன்னும் பின்னும் கதை இல்லை. கதை சொல்ல வந்த தெகல்தொருவை விதானத்திலோ, ஆயுதமேந்திய மாரனின் சேனை நெருக்கியடித்து வர, நடுவில் புத்தர் அமர்ந்தே இருக்கிறார்.