பெயர் அழிந்த நஞ்சு யார் கையில்? பழைய வேளாண் இரசாயனங்களும் தொழிலாளர் உரிமையும்

சுண்ணாம்பாற்றின் கரையிலுள்ள நோணாங்குப்பம் தொடங்கித் தெற்கே பாகூர் வரை, புதுச்சேரியின் வயல்வெளிகளை ஒட்டி மோட்டார் கொட்டகைகளும் பழைய கிடங்குகளும் நிற்கின்றன. நிலம் மனையாக மாறும்போதோ குத்தகை கைமாறும்போதோ அவை காலி செய்யப்படுகின்றன. சீட்டு உரிந்த புட்டிகள், துருவேறிய தகர டப்பாக்கள், கட்டிபட்ட பொடி மூட்டைகள் அப்போது வெளிவருகின்றன. அவற்றை “எங்காவது கொட்டிவிட்டு வா” என்ற ஏவல் பெரும்பாலும் விவசாயக் கூலித் தொழிலாளியை நோக்கியே வருகிறது. செத்த மாட்டை அகற்றவும் சாக்கடையில் இறங்கவும் எந்தச் சமூகம் ஏவப்பட்டதோ, அதே சமூகத்தின் கையில்தான் இந்த டப்பாவும் திணிக்கப்படுகிறது. ஆகவே இது தொழில்நுட்பச் சிக்கல் மட்டுமன்று, சாதிச் சிக்கலும் ஆகும்.

பெயர் தெரியாமை ஏன் ஆபத்து

இந்தியாவில் விற்கப்படும் பூச்சிக்கொல்லிக் கலங்களில் நச்சின் கடுமையைக் குறிக்கும் வண்ண முக்கோணம் இருக்க வேண்டும். சிவப்பு மிகக் கடுமையான நஞ்சையும், மஞ்சள் அதற்கு அடுத்த நிலையையும், நீலமும் பச்சையும் படிப்படியாகக் குறைந்த நஞ்சையும் குறிக்கின்றன. சீட்டு அழிந்தால் இந்த எச்சரிக்கையும் அழிகிறது. பழைய கிடங்கில் இருப்பது 1997இல் தடை செய்யப்பட்ட பி.எச்.சி. பொடியாக இருக்கலாம், 2011இல் உச்ச நீதிமன்றம் தடுத்த எண்டோசல்பானாகவோ, 2018ஆம் ஆண்டு ஆணையால் விலக்கப்பட்ட மீத்தைல் பாரத்தியான், போரேட் குருணை போன்றவையாகவோ இருக்கலாம்.

ஒன்றுக்கு உதவும் முறை மற்றொன்றில் உயிரைப் பறிக்கும். தானியக் கிடங்குகளில் வைக்கப்படும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையில் ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயு வெளியாகும். அறியாத டப்பாவைக் கழுவப் புகுவதே மரணத்தை அழைப்பதாகலாம். குளோரின் கலந்த மருந்துகளைத் திறந்த வெளியில் எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் உருவாகும். கடலோர மணற்பாங்கான நிலத்தில் புதைத்தால், அது கிணற்று நீரைச் சேர நெடுங்காலம் ஆகாது.

காலிக் கலமும் விலக்கன்று. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்ததைத் தடயவியல் சோதனை காட்டியது.

காசர்கோடும் போபாலும்

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசுத் தோட்டக் கழகம் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை முந்திரித் தோட்டங்கள்மீது ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தது. தெளிப்பு நின்ற பிறகும் மிச்சம் கிடங்குகளில் கிடந்து கசிந்தது. 2012இல்தான் அது புதிய பீப்பாய்களுக்கு மாற்றப்பட்டது. கிணற்றில் புதைக்கப்பட்டதாக எழுந்த புகாரும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

பூச்சிக்கொல்லி ஆலையால் 1984இல் பேரழிவைக் கண்ட போபாலில், ஆலை வளாகத்தில் சேமிக்கப்பட்டிருந்த 337 டன் கழிவு 2025 ஜனவரியில்தான் வெளியேறியது. அது பீதம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, அவ்வூர் மக்களின் எதிர்ப்புக்கிடையே எரிக்கப்பட்டது. ஒரு கழகத்தின் கிடங்கையும் ஓர் ஆலையின் கழிவையும் அகற்றவே இத்தனை ஆண்டுகள் ஆகுமெனில், ஒரு கூலித் தொழிலாளி ஒரு பிற்பகலில் அதைச் செய்து முடிக்க வேண்டும் என்பது கொடிய எதிர்பார்ப்பு.

சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது

1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின் 44ஆம் விதி, எஞ்சிய மருந்தையும் கலங்களையும் நீரும் சூழலும் மாசடையாதவாறு அகற்றும் கடமையை உற்பத்தியாளர், கலவை செய்வோர், மருந்தடிப்பை நடத்துவோர் மீது சுமத்துகிறது. காலாவதியான பூச்சிக்கொல்லிகள் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் முதல் அட்டவணையில் இடம்பெறுகின்றன. அவை உரிமம் பெற்ற நிலையங்களுக்கே செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அத்தகைய நிலையம் உண்டு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணை நிற்கிறது. பட்டியல் சாதியினரின் வீட்டு வளாகத்திலோ வாயிலிலோ அருவருப்பான பொருளைக் கொட்டுவதும், அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நீர்நிலையைக் கெடுப்பதும், அவர்களைக் கட்டாய வேலை வாங்குவதும் அதன் 3ஆம் பிரிவின்கீழ்க் குற்றங்கள். 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பிணங்களையும் விலங்குச் சடலங்களையும் சுமக்கக் கட்டாயப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது. நஞ்சை அகற்றக் கட்டாயப்படுத்துவது அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. இயக்கங்கள் எழுப்ப வேண்டிய கேள்வி இது.

நடைமுறையில்

- திறக்கவோ, முகரவோ, குலுக்கவோ, ஒன்றோடொன்று கலக்கவோ கூடாது. கழுவுதல், எரித்தல், புதைத்தல், வாய்க்காலில் ஊற்றுதல் எதுவும் கூடாது.
- கசியாத கலத்தை இருந்த இடத்திலேயே விட்டு, அறையைப் பூட்டி, “அறியாத நஞ்சு, தொடாதீர்” என்று எழுதி ஒட்டுக. குழந்தைகளும் கால்நடைகளும் அணுகாதவாறு காத்திடுக.
- கசிந்தால் விலகி நிற்க. காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறம் செல்க. துணியால் முகத்தை மூடுவது நச்சு வாயுவுக்குக் காப்பாகாது.
- எஞ்சிய எழுத்து, முக்கோணம், தொகுதி எண் ஆகியவற்றைத் தொலைவிலிருந்தே படமெடுத்து, இடம், எண்ணிக்கை, நில உரிமையாளர் விவரத்தோடு பதிவு செய்க.
- வேளாண் துறைக்கும் புதுச்சேரி மாசு கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கும் எழுத்து வடிவில் மனு அளித்து ஒப்புகை பெறுக. அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் நகல் அனுப்புக. பதிலில்லையெனில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்.
- உடலில் பட்டால் ஆடையைக் களைந்து தோலைச் சோப்பு நீரால் கழுவி, 108ஐ அழைத்து, எடுத்த படத்தோடு மருத்துவமனை செல்க. விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மிகுந்த வியர்வை, வாயில் நீரூறல், சுருங்கிய கண்மணி ஆகியவை ஆர்கனோபாஸ்பேட் நஞ்சின் அறிகுறிகள்.

கோர வேண்டியது

சிறு விவசாயியும் தன் பழைய டப்பாவை ஒப்படைக்க ஊரருகே ஓரிடம் வேண்டும். கொம்யூன்தோறும் ஆண்டுக்கொரு முறை சேகரிப்பு முகாம், பயிற்சியும் காப்புடையும் பெற்ற பணியாளர், செலவை ஏற்கும் உற்பத்தி நிறுவனங்கள் ஆகிய மூன்றையும் கோரலாம். கல்லூரி மாணவர் கிராமக் கிடங்குகளின் பட்டியலைத் தயாரித்தாலே கோரிக்கைக்கு வலு கூடும். அதுவரை, “இதை நான் தொடமாட்டேன்” என்று சொல்லும் தொழிலாளி கூலியை இழக்காதவாறு உடன் நிற்பது அமைப்புகளின் கடமை.