டாப் ஸ்டேஷன்

டாப் ஸ்டேஷன், தேனி மாவட்டம் கொட்டகுடி ஊராட்சியில், தமிழ்நாடு–கேரள எல்லையை ஒட்டியுள்ள மலைச் சிற்றூர். மூணாறிலிருந்து ஏறத்தாழ 32 கி.மீ. தொலைவு. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதையின் கடைசி நிலையம் இங்கிருந்தது. அப்பாதை 1924 வெள்ளத்தோடு மூடப்பட்டது.

தோற்றம்

கண்ணன் தேவன் மலைகளில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. விளைந்த தேயிலையைச் சமவெளிக்கு இறக்கப் போடிநாயக்கனூர்ப் பக்கமே வழியாயிற்று. 1902-இல் மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி வழியாக மலை விளிம்புவரை வண்டிப்பாதை வெட்டப்பட்டது. அதன் ஓரமாக ஒற்றைத் தண்டவாளம் போடப்பட்டது. வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தில் உருளும், சாயாமல் தாங்கும் பெரிய சக்கரம் சாலையில் ஓடும், இழுத்தவை மாடுகள். யூவிங் முறை எனப்படும் இதே ஏற்பாடு பின்னர் பாட்டியாலா சமஸ்தானத்திலும் வந்தது. 1908-இல் மூணாற்றில் அதை நீக்கி, 2 அடி அகலக் குறும்பாதை அமைத்து நீராவி எஞ்சின்களை ஓட்டினர்.

சரக்குப் போக்குவரத்து

தண்டவாளம் மலை விளிம்போடு முடிந்தது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி சுமார் 5 கி.மீ. இறங்கிக் கொட்டகுடியை அடைந்தன. ரோப்வேயின் மேல்முனை டாப் ஸ்டேஷன் என்றும், கீழ்முனை பாட்டம் ஸ்டேஷன் என்றும் வழங்கின. கொட்டகுடியிலிருந்து போடிநாயக்கனூருக்குச் சுமார் 15 கி.மீ. மாட்டுவண்டிப் பயணம். ஆக, ஒரு பெட்டி சமவெளியைத் தொடுவதற்குள் இரயில், ரோப்வே, மாட்டுவண்டி என மூன்று கை மாறியது.

மூடல்

1924 ஜூலையில் பெய்த பெருமழையில் மூணாறு சீரழிந்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் நிகழ்ந்ததால் கேரளத்தார் இதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பர். அரித்துச் செல்லப்பட்ட இருப்புப்பாதை மீண்டும் போடப்படவில்லை. மதுரையிலிருந்து மீட்டர்கேஜ் பாதை போடிநாயக்கனூருக்கு வந்தது 1928-இல்தான். அதற்குள் மலைமேல் இரயில் நின்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 1935-இல் நேரியமங்கலம் பாலம் திறந்தபின் கொச்சிப் பக்கம் சாலைவழி எளிதாயிற்று. கிழக்குச் சரிவை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலையும் போயிற்று.

இன்றைய நிலை

மூணாறு நிலையக் கட்டடம் பின்னாளில் தேயிலை நிறுவனத்தின் அலுவலகமாயிற்று. டாப் ஸ்டேஷனில் ரோப்வேயின் சிதைவுகள் சில எஞ்சியுள்ளன. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சிக்காகவும், பள்ளத்தாக்குக் காட்சிக்காகவும் பயணிகள் இங்கு வருகின்றனர். தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்தாலும், வாகனத்தில் வர மூணாறு வழியே சாலை. போடிநாயக்கனூர்ப் பக்கமிருந்து குரங்கணி வழியாக மலையேற்றப் பாதை உண்டு.