பத்தாயிரம் அட்டைகள்: செக்கோவும் சகாலின் தீவும்

அன்ரன் செக்கோவ் கொள்கையற்ற எழுத்தாளர் என்ற குற்றச்சாட்டு மிகப் பழையது. ஈழத்து முற்போக்கு விமர்சனச் சூழலில் கோர்க்கிக்குக் கிடைத்த நாற்காலி செக்கோவுக்கு ஒருபோதும் கிடைத்ததில்லை. நல்ல கதைசொல்லி, ஆனால் சோர்வின் கலைஞர். நோயைச் சொன்னார், மருந்தைச் சொல்லவில்லை. இப்படித்தான் எமக்குப் பாடஞ் சொல்லப்பட்டது. நானும் சில ஆண்டுகள் வகுப்பறையில் நின்று இதே பாடத்தைச் சற்று மெருகூட்டிச் சொல்லியிருக்கிறேன்.

இதன் ஊற்றுக்கண் ருஷ்யாவிலேயே உள்ளது. 1890இல் நரோத்னிக் விமர்சகரான நிக்கொலாய் மிகைலோவ்ஸ்கி, செக்கோவ் எதைக் கண்டாலும் ஒரே குளிர்ச்சியோடு எழுதுபவர் என்று சாடினார். அதே ஆண்டின் வசந்தத்தில் 'ருஸ்கயா மிஸ்ல்' (ருஷ்யச் சிந்தனை) என்ற தாராளவாதச் சஞ்சிகை, கொள்கையற்ற எழுத்தின் பூசாரிகளில் ஒருவராக அவரைச் சுட்டியது. விமர்சனங்களுக்குப் பதில் எழுதும் வழக்கம் செக்கோவுக்கு இல்லை. இதற்கு எழுதினார். பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி ஏப்ரல் 10ஆந் திகதி, சஞ்சிகை ஆசிரியர் லாவ்ரோவுக்கு, இனி நமக்குள் முகமன்கூட இல்லை என்ற தொனியில் ஒரு கடிதம். பதினொரு நாள் கழித்து மொஸ்கோவைவிட்டுச் சகாலின் தீவுக்குப் புறப்பட்டார். 'ஆறாவது வார்ட்' (1892), 'சகாலின் தீவு' (1893-94), 'குடியானவர்கள்' (1897) ஆகிய மூன்றும் பின்னர் வெளிவந்தது எந்தச் சஞ்சிகையில் என்றால், அதே ருஸ்கயா மிஸ்லில்தான். சிறுபத்திரிகைச் சண்டைகளில் ஊறிய நமக்கு இதில் ஒரு சிறு ஆறுதலும் உண்டு.

செக்கோவின் கொள்கை என்ன என்ற கேள்விக்கு விடை, அந்தத் தீவில் அவர் தன் கையால் நிரப்பிய அட்டைகளில் இருக்கிறது என்பது என் வாதம்.

அப்போது அவருக்கு வயது 30. 1888இல் புஷ்கின் பரிசு பெற்றவர். தொழிலால் வைத்தியர். அவருடைய பாட்டனார் பண்ணையடிமையாக இருந்து 1841இல் பணங்கொடுத்துக் குடும்பத்தை மீட்டவர். 1889இல் சகோதரர் நிக்கொலாய் காசநோயால் இறந்திருந்தார். அன்ரனுக்கும் இருமலில் இரத்தம் காணத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இப்படிப்பட்டவர் ஏன் உலகின் அந்தக் கோடிக்குப் போனார் என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணங்கள் சொல்கின்றனர். அவரே புறப்படுமுன் பதிப்பாளர் சுவோரினுக்கு எழுதிய கடிதத்தின் சாரம் எனக்குப் போதுமானது: இலட்சக்கணக்கான மனிதரைச் சிறைகளில் அழுக விட்டிருக்கிறோம், இதற்குப் பொறுப்பு சிறை மேற்பார்வையாளர்கள் அல்லர், நாம் அனைவரும். கையில் இருந்த ஒரே பத்திரிகையாளர் அட்டை சுவோரினின் வலதுசாரிப் பத்திரிகையினுடையது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தூய்மைவாதிகளுக்கு அது உறுத்தும்.

சைபீரிய ரயில்பாதை அப்போது இல்லை. ஆறுகளில் கப்பல், பிறகு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் குதிரை வண்டி, மீண்டும் ஆமூர் ஆற்றில் கப்பல். யூலை 11ஆந் திகதி தீவில் இறங்கினார். மூன்று மாதமும் மூன்று நாளும் அங்கே இருந்தார்.

சகாலின் ஒரு சிறைச்சாலை மட்டுமல்ல, சிறையைக் கொண்டு ஒரு குடியேற்றத்தை உண்டாக்கும் அரச திட்டம். கடூழியத் தண்டனை முடிந்தவன் விடுதலையாவதில்லை. அவன் 'குடியேற்றவாசி' ஆக்கப்பட்டு, ஒரு துண்டு ஈரநிலத்தில் கோடரியோடு விடப்படுவான். பல ஆண்டுகளின் பின் 'குடியானவன்' என்ற தகுதி கிடைக்கும். அதன்பிறகு சைபீரியாப் பெருநிலத்துக்குப் போகலாம். சொந்த ஊருக்குப் போக முடியாது. பெண் கைதிகள் கப்பலால் இறங்கியதும் குடியேற்றவாசிகளுக்குப் பங்கிடப்பட்டனர். வொயெவோட்ஸ்க் சிறையில் சிலரைத் தள்ளுவண்டியோடு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர்.

செக்கோவ் அங்கே குடிசன மதிப்பு எடுக்க அனுமதி பெற்றார். அலெக்சாந்திரொவ்ஸ்க் பொலிஸ் அலுவலக அச்சுக்கூடத்திலேயே அட்டைகளை அச்சடித்துக்கொண்டார். அட்டையில் பத்துப் பன்னிரண்டு கேள்விகள்: குடியிருப்பு, வீட்டிலக்கம், சட்டத் தகுதி, பெயர், வயது, மதம், பிறந்த இடம், தீவுக்கு வந்த ஆண்டு, தொழில், எழுத்தறிவு, மணநிலை, அரச உதவி. பெண்ணின் அட்டையென்றால் குறுக்கே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. அதிகாலை 5 மணிக்கு எழுந்து குடிசை குடிசையாக நடந்து ஏறத்தாழ பத்தாயிரம் பேரைப் பதிந்ததாக அவரே கூறுகிறார். முடிவுகளைவிட இந்தப் பதிதல் என்ற செயல் தரும் அனுபவமே தனக்கு முக்கியம் என்பதையும் நூலில் ஒளிக்கவில்லை.

அந்த அனுபவத்தின் முதற் பாடம், பெயர் என்பது நிச்சயமான ஒன்றல்ல என்பது. தப்பியோடிப் பிடிபட்ட கைதி, பழைய தண்டனை மீண்டும் தலையில் விழாமலிருக்கத் தன் குலம் கோத்திரம் மறந்துவிட்டதாகச் சொல்லிவிடுவான். எழுதுவினைஞர் அதையே பெயராக எழுதிவிடுவார். ஆகவே தீவெங்கும் 'இவான் நினைவற்றவன்'கள். 'முஸ்தபா நினைவற்றவன்' ஒருவர். 'வசிலி தாயகமற்றவன்' ஒருவர். இன்னொருவருக்குப் 'தராதரம் தெரியாத மனிதன்' என்பதே பதிவுப்பெயர். செக்கோவ் இதைப் பற்றி விரிவுரை செய்யவில்லை. பட்டியலிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறார். வயதைக் கேட்டால் முப்பதாக இருக்கலாம், ஐம்பதும் ஆகியிருக்கலாம் என்ற வகையான விடை.

இந்தப் பக்கங்களை நாம் வாசிப்பதற்கும் ஓர் ஐரோப்பியப் பேராசிரியர் வாசிப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஏஜென்சிக்காரன் தந்த கடவுச்சீட்டில் ஒரு பெயர், விசாரணை அறையில் இன்னொன்று, தகப்பன் பெயரே குடும்பப் பெயராகி அந்தப் பெயரிலேயே பக்டரியில் மேற்பார்வையாளன் கூப்பிட நாம் திரும்பிப் பார்க்கிறோம். பிறந்த திகதிக்குச் சான்று இல்லாதவர்களுக்கெல்லாம் சனவரி முதலாந் திகதியே பிறந்தநாள். 'வசிலி தாயகமற்றவன்' எமக்கு ஒரு விநோதமல்ல.

ஆனால் அலுவலகத்தின் அட்டையும் செக்கோவின் அட்டையும் ஒன்றா? கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்பவர் வாசலில் நின்றாரா, குடிசைக்குள் வந்து குந்தினாரா என்பதில்தான் வித்தியாசம். ஒரு குடிசையில் பெரியவர்கள் இல்லை; பத்து வயதுச் சிறுவன் மட்டும். தகப்பன் பெயர் என்ன என்று கேட்கிறார். தெரியாது என்கிறான். கூட இருப்பவனின் பெயரே தெரியாதா என்று கேட்க, அவர் உண்மையான தகப்பன் அல்ல என்று விளக்குகிறான். தாய் இங்கே வந்தது புருசனாலே என்கிறான். அதென்ன என்று கேட்க, கொன்றுவிட்டாளாம். இந்த உரையாடலை அட்டையின் எந்தக் கட்டத்தில் நிரப்புவது? நிரப்ப இடமில்லாததை நூலில் எழுதினார். அதிலும் இடமில்லாதது பின்னாளில் கதைகளுக்குப் போயிற்று.

'சகாலின் தீவு' சலிப்பூட்டும் நூல் என்பதை நான் மறுக்கமாட்டேன். பயிர், காலநிலை, நிலக்கரி பற்றிய அத்தியாயங்களை இரவு வேலை முடித்து வந்து வாசித்தால் நித்திரை நிச்சயம். பிறகு திடீரென்று புரொகோரொவ், மறுபெயர் மில்னிக்கொவ், என்ற கைதிக்கு 90 கசையடி விழும் பக்கம் வரும். அங்கேயும் இரண்டு பெயர். செக்கோவ் நின்று பார்த்தார், முடியாமல் வெளியே போனார், திரும்பியும் வந்தார். சில இரவுகள் கனவில் அதுவே வந்ததாகக் கடிதமொன்றில் எழுதினார்.

அவர் பார்வைக்கு எல்லைகளும் இருந்தன. அரசியற் கைதிகளோடு தொடர்பு கூடாது என்பது அனுமதியின் நிபந்தனை. மூன்றாம் அலெக்சாந்தரைக் கொல்ல முயன்ற சதிவழக்கில் 1887இல் லெனினின் தமையன் தூக்கிலிடப்பட்டார். அதே வழக்கில் தண்டிக்கப்பட்ட புரொனிஸ்லாவ் பில்சுட்ஸ்கி அந்த மாதங்களில் தீவில்தான் இருந்தார். நூலில் அரசியற் கைதிகளின் கதை இல்லை.

இன்னொரு எல்லை எமக்குக் கிட்டியது. திரும்பும் கப்பல் ஹொங்கொங், சிங்கப்பூர் வழியாக 1890 நவம்பரில் கொழும்புக்கு வந்தது. கண்டிவரை ரயிலில் போனார். சகாலின் நரகம், இலங்கை சொர்க்கம் என்று சுவோரினுக்கு எழுதினார். இந்த வரியை இலங்கையில் பெருமையோடு எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் கண்டியைச் சூழ்ந்த மலைகளிலே அப்போது தேயிலை பரவிக்கொண்டிருந்தது. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகள், கடனைக் குறித்த 'துண்டு' இல்லாமல் தோட்டத்தைவிட்டு அசைய முடியாதவர்களாக இருந்தனர். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. 1948இல் அவர்களின் பிள்ளைகள் நாடற்றவர்களாக்கப்பட்டனர். தள்ளுவண்டியோடு பிணைத்த சங்கிலியைக் கண்ட கண், ரயில் யன்னலிலிருந்து இதைக் காணவில்லை. உல்லாசப் பயணிக்கு அட்டை கிடையாது. ஆயினும் அந்தப் பயணமே 'கூசெவ்' கதையைத் தந்தது: கீழைக்கடலில் சாக்கில் தைத்து இறக்கப்படும் ஒரு சாதாரணச் சிப்பாய். கடற்பயணத்தில் அப்படி இருவர் கடலுக்குள் போனதை அவர் கண்டிருந்தார்.

'ஆறாவது வார்ட்' பற்றி நிறையப் பேசியாயிற்று. இளம் லெனின் அதை வாசித்துவிட்டு அறைக்குள் இருக்க முடியாமல் எழுந்து போனதாக அவரது சகோதரி குறிப்பிட்டுள்ளார். நான் சுட்டவிரும்புவது ஒன்றுதான். அங்கே வைத்தியர் ராகின் கொடியவர் அல்லர். வாசிப்பவர், துன்பம் வெறும் எண்ணம் என்று தத்துவம் பேசுபவர். நிக்கீத்தா என்ற காவலாளியின் முஷ்டி அவர் தத்துவத்தின் நிழலில்தான் வேலை செய்தது. பொறுப்பு நம் அனைவருக்கும் என்று 1890இல் எழுதிய கடிதம் இங்கே கதையாகிறது.

1897 தொடக்கத்தில் ருஷ்யப் பேரரசின் முதலாவது பொதுக் குடிசன மதிப்பு. செக்கோவ் தன் ஊரான மெலிகொவோவைச் சுற்றி ஒரு பகுதியின் பொறுப்பாளராக வேலை செய்தார். அதே ஏப்ரலில் 'குடியானவர்கள்' வெளிவந்தது. மொஸ்கோ ஹொட்டலில் பரிசாரகனாக இருந்து நோயாளியான நிக்கொலாய், மனதில் வைத்திருந்த ஒளியான ஊருக்குத் திரும்பி, ஈ மொய்க்கும் இருண்ட குடிசைக்குள் நுழைகிறான். ஊரைப் பற்றிய நம் கவிதைகளுக்கு இதைவிடக் கடுமையான விமர்சனம் இல்லை. தணிக்கை ஒரு பக்கத்தை வெட்டியது. மார்க்ஸியரான ஸ்த்ரூவ தன் கட்சிக்குச் சான்றாக அதைத் தூக்கிப் பிடிக்க, மிகைலோவ்ஸ்கி மறுத்து எழுத, செக்கோவ் பேசாதிருந்தார்.

எமக்கு மிக நெருங்கிய கதை 1892இல் வந்த 'நாடுகடத்தப்பட்டவர்கள்'. சைபீரிய ஆற்றங்கரை, தோணிக்காரர்கள். 22 ஆண்டுகளைக் கழித்துவிட்ட செமியோன் போதிக்கிறார்: எதையும் விரும்பாதே, பெண்டாட்டியை நினையாதே, பழகிவிடும். ஊரிலுள்ள மனைவிக்காக ஏங்கும் தார்த்தாரிய இளைஞன் பதில் சொல்லத் துடிக்கிறான். அவனுக்கு ருஷ்ய மொழி போதாது. உடைந்த சொற்களில், மனிதனைக் கடவுள் படைத்தது மகிழவும் துக்கப்படவும். ஒன்றும் வேண்டாதவன் கல், களிமண் என்கிறான். அந்நிய மொழியில் சொற்பிச்சை எடுத்து வாதிட்ட எவருக்கும் அந்த உடைந்த வாக்கியங்களின் கனம் விளங்கும். செக்கோவ் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆயினும் நல்ல இலக்கணத்தைச் செமியோனுக்கும் உண்மையைத் தார்த்தாரியனுக்கும் கொடுத்திருக்கிறார். செமியோன் சொன்னதில் பொய் இல்லாதிருப்பதுதான் கதையின் வேதனை. அவர் உண்மையாகவே பழகிவிட்டவர்.

இரவு எல்லோரும் குடிசைக்குள் படுத்திருக்கக் காற்று கதவைத் திறந்துவிடுகிறது. பனி உள்ளே வருகிறது. வெளியே நாய் ஊளையிடுவதுபோல ஒரு சத்தம், தார்த்தாரியன் அழுகிறான். பழகிவிடும் என்று சொல்லிவிட்டுச் செமியோன் உறங்கிப்போகிறார். கதவைச் சாத்த ஒருவரும் எழும்புவதில்லை.